கதை சொன்னவரும் கேட்டவரும்

‘காதலிக்க நேரமில்லை’ என்று சொன்னவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, செல்லப்பாவாக நடித்த நாகேஷ் தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சிதான். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாகேஷை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம் என்பது என்னுடைய நெடுநாள் மனக்குறை. அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு, அப்பாவாக வரும் டி. எஸ். பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். நாகேஷ் குரலைத் தாழ்த்தி, பின் திடீரென்று உயர்த்தி, வாயாலேயே விதவிதமான ஓசைகளை எழுப்பிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருக்கும் மனிதருக்குக் கண்கள் விரிகின்றன, உடல் ஒடுங்குகிறது. மகன் சொல்வது வெறும் சினிமாக் கதை என்பதையே மறந்துபோய், அந்த இருட்டுக்குள் தானும் மாட்டிக்கொண்டவரைப் போல அவர் நடுங்குகிறார். வசனம் என்று அவருக்கு அங்கே அதிகம் கிடையாது. ஆனால் அவர் பயப்படாமல் இருந்திருந்தால் நாம் சிரித்திருக்கவே மாட்டோம்.

1964இல் வெளிவந்த இந்தப் படம் இன்றும் பழசாகித் தெரியாததற்கு என்ன காரணம் என்று கேட்டால், நான் பாலையாவின் விஸ்வநாதனைத்தான் சொல்வேன். படத்தில் வரும் அத்தனை பேரும் அவரை ஏமாற்றுகிறார்கள். அவர் ஒருவர் மட்டும், தான் ஒரு நகைச்சுவைப் படத்துக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாமல், பணம், அந்தஸ்து, பெண்களின் கல்யாணம் ஆகியவற்றைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். பாலையா 1936இல் வந்த ‘சதி லீலாவதி’ காலத்திலிருந்தே வில்லன் வேடங்களில் ஊறியவர். வில்லனுக்குத் தன் ஆசையின் மேல் சந்தேகமே வரக்கூடாது அல்லவா? அந்தப் பிடிவாதத்தைத்தான் அவர் விஸ்வநாதனுக்கும் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிக்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது.

தன் எஸ்டேட்டில் வேலை பார்த்து, தன்னாலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டு வாசலில் கூடாரம் போட்டுப் பாட்டுப் பாடி எதிர்ப்புக் காட்டிய இளைஞன், ஒரு பெரும் பணக்காரரின் மகன் என்று அவர் நம்பிவிடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “அசோகர் உங்க மகருங்களா?” என்று பாலையா குழைகிறார். அதுவரை அவருடைய வாயில் ‘பயல்’ அளவுக்குக்கூட மரியாதை பெறாத ஒருவனுக்கு ஒரே நொடியில் கிடைத்துவிடும் அந்தக் கூடுதல் மரியாதையில், மனிதர்கள் பணத்தின் முன்னால் எப்படி வளைகிறார்கள் என்பது முழுவதும் இருக்கிறது. இதை ஒரு சமூகப் படம் கண்ணீரோடும் வசனத்தோடும் பத்து நிமிடம் சொல்லியிருக்கும். இங்கே மூன்று சொற்களில் வேலை முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இயக்குநர் ஸ்ரீதர் ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று பார்ப்பவர்களை அழவைத்துப் பெயர் வாங்கியவர். சித்ராலயா கோபுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இந்தத் திரைக்கதையில் நான் வியப்பது ஒன்று உண்டு. அந்தக் காலப் படங்கள் பலவற்றில் நகைச்சுவை நடிகர்களுக்கென்று தனியாக ஒரு கிளைக்கதை ஓடும். அதை வெட்டி எடுத்துவிட்டாலும் மூலக்கதைக்கு ஒரு குறையும் வராது. இங்கே நாகேஷ் வீட்டுப் பிள்ளை. படம் எடுக்கப் பணம் கேட்டு அப்பாவை நச்சரிப்பதும், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு சச்சுவைக் கதாநாயகியாக்கக் கனவு காண்பதும் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. காதல் ஜோடிகளின் கதையும் அதே கூடத்தில்தான் நடக்கிறது. காதலனும் நகைச்சுவைக்குத் தப்புவதில்லை. நண்பன் அசோக்குக்காக நரைத்த தலையோடு பணக்காரத் தந்தையாக வேடம் போட்டு வரும் முத்துராமன், தன் காதலியே அந்த வீட்டின் இன்னொரு மகள் என்று கண்டு திணறும்போது, கதாநாயகனுக்குரிய கம்பீரம் முழுவதும் காற்றில் போய்விடுகிறது. முத்துராமன் அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படவில்லை என்பதால்தான் அந்தப் பகுதி அவ்வளவு நன்றாக இருக்கிறது.

குறையே இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. மகள்களாக வரும் காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் அழகாக இருப்பதையும் பாடுவதையும் தவிரச் சிரிக்கவைக்கும் வாய்ப்பு அதிகம் தரப்படவில்லை. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாடல்கள் எனக்கு எவ்வளவு பிடித்தவையாக இருந்தாலும், ஆள்மாறாட்டம் சூடுபிடித்த பிறகு எந்தப் பாட்டு வந்தாலும், பாலையா மறுபடி எப்போது வருவார் என்றுதான் மனம் தேடுகிறது.

இதே கதையை ஸ்ரீதரே 1966இல் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தார். அதில் கதை சொல்பவர் மெஹ்மூத், கேட்பவர் ஓம் பிரகாஷ். இருவரும் பெரிய கலைஞர்கள், அந்தக் காட்சி அங்கேயும் கொண்டாடப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மெஹ்மூத் நாகேஷுக்கு ஈடுகொடுத்தாரா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை பிறக்கவில்லை. ஓம் பிரகாஷ் பயப்படுவதை நான் ரசித்தேன். பாலையா பயப்பட்டபோது, கதையில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.