ஆமாம், மலை உச்சியிலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்

நாம் குழுவாகப் போன மலைப் பயணத்தில் நம்மில் ஒருவர் என்னைப் படம் பிடித்துப் போட்ட அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று, அதனால் முன்கதை வேண்டாம். பின்னால் மலை, மேகம், மாலை வெயில் எல்லாம் ஜோராக இருக்கிறது. நடுவில் நான் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். 'இயற்கையை ஸ்க்ரீனில் ரசிக்கும் அபூர்வப் பிறவி' என்று தலைப்பு வேறு. சரி, சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று, படம் பிடித்தவர் உட்பட, ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டிய பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் நெட் இல்லாதபோது அது வண்டிக்கு மட்டும்தான் வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. இது தெரிந்ததால்தான் கிளம்புவதற்கு முன்பே ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபட ஆப்பைப் போட்டு, அந்தப் பகுதியின் வரைபடத்தை முழுசாக இறக்கி வைத்திருந்தேன். அது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரையும் உலக வரைபடத்தின் தகவலை வைத்து ஓடுவது. யாராவது ஒருவர் நடந்து பதிந்திருந்தால் ஒற்றையடிப் பாதைகூட அதில் இருக்கும். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைப் போன் வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், நாம் நிற்கும் குறி எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நொடியைத்தான் நீங்கள் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழுவில் ஒருவர் போனையே தொடாமல் நிம்மதியாக ரசிக்கிறார் என்றால், அவருக்கும் சேர்த்து வேறு ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் இல்லாத பயணம் என்று நீங்கள் பெருமை பேசுவது, என் போனில் நடந்த பயணத்தை.

'அந்தக் காலத்தில் ஆப் வைத்துக்கொண்டா ஊர் சுற்றினோம்?' என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். அந்தக் காலத்திலும் ஒருவர் இதே வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டில் அப்பா. சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் டிக்கெட், மடித்த கால அட்டவணை, தங்கும் இடத்தின் முகவரி எழுதிய துண்டுச்சீட்டு. நாங்கள் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் அந்தக் கவரை எடுப்பார், பார்ப்பார், திரும்ப வைப்பார், வண்டி நிற்கும்போதெல்லாம் மறுபடி எடுப்பார். அந்தப் பயணங்களில் அவர் வெளியே வேடிக்கை பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் அவரைப் பார்த்து யாரும் 'பேப்பரைக் கீழே வை, இயற்கையைப் பார்' என்று சொல்லவில்லை, பொறுப்பான மனுஷன் என்றார்கள். அதே கவர் இப்போது போனுக்குள் போய்விட்டது, பொறுப்பு அடிமைத்தனம் ஆகிவிட்டது. நல்ல கதை.

அப்புறம் இந்த 'வழியில் மனிதர்களிடம் கேளுங்கள், மனிதத் தொடர்பு முக்கியம்' கோஷ்டி. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-ல் தொடங்கியது. இன்றுவரை அதில் பாதையையும் குடிநீர்க் குழாயையும் குறித்து வைப்பவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காத சாதாரண ஆட்கள். முன்பின் தெரியாத ஒருவர் நமக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்து, அடுத்து வருகிறவருக்கு உதவட்டும் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். இது மனிதத் தொடர்பு இல்லையென்றால் வேறு எது? தவிர, வழியில் மனிதர்களிடம் கேளுங்கள் என்று சொன்னவர்கள் யாரும் அந்தப் பயணத்தில் யாரிடமும் கேட்டு நான் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்கள்.

பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாய் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதற்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பதறக் கூடாது. டிக்கெட், முன்பதிவுச் சீட்டு, முகவரி எல்லாவற்றையும் போனிலேயே பிடிஎஃப் ஆக வைத்துக்கொண்டு, ஒரு பிரதியைக் காகிதத்திலும் எடுத்துவிடுங்கள். எந்த ஒரு ஆப்பையும் மட்டும் நம்பி எல்லாவற்றையும் அதற்குள் கொட்டாதீர்கள். கூகுள் ட்ரிப்ஸ் என்று ஒரு பயணத் திட்ட ஆப் 2016-ல் வந்தது, நன்றாகத்தான் இருந்தது, 2019-ல் மூடிவிட்டார்கள். ட்ரிப்இட் மாதிரி, முன்பதிவு மின்னஞ்சலை அனுப்பினாலே முழுத் திட்டத்தையும் தேதிவாரியாக அடுக்கித் தரும் ஆப்பைப் பயன்படுத்தினாலும், பிடிஎஃப் பிடிஎஃப்தான்.

'ஆப் நட்சத்திரம் போட்ட இடத்துக்கே எல்லோரும் போய்க் குவிகிறார்கள்' என்கிறார்கள். இருக்கலாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இருப்பிடத்தை ஊருக்கே ஒளிபரப்புகிறாய் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்து, நாம் விரும்பும் ஆளுக்கு மட்டும் அனுப்பலாம், வேண்டாமென்றால் நடுவிலேயே நிறுத்தலாம். கும்பலிலிருந்து பிரிந்துபோன இரண்டு பேரை நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று நினைக்கிறீர்கள்? டெலிபதியா?

இதையெல்லாம்விட மனதைப் பிசைவது அந்த பஸ் நிறுத்தம். கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, யாருக்கும் தெரியாத மொழி. கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் அந்த மொழியை நான் முன்பே இறக்கி வைத்திருந்ததால், நெட் இல்லாமலேயே கேமராவைக் காட்டினேன். எழுத்து ஆடி ஆடி, கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் அன்று அந்த நிறுத்தத்தில் பஸ் நிற்காது, அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது புரிந்தது. எல்லோரையும் எழுப்பி நடக்க வைத்தேன். வெயிலில் நடக்க வைக்கிறாய் என்று திட்டு வாங்கினேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் பஸ் வந்தது. அப்போது ஒருவர் சொன்னார்: 'அதிர்ஷ்டம்டா நமக்கு!'

அதிர்ஷ்டமாம்.

அந்த வார்த்தையை நான் இன்னும் செரிக்கவில்லை. எது சரியாக நடந்தாலும் அதிர்ஷ்டம், எது சொதப்பினாலும் 'நீதானே பிளான் போட்டாய்'. விமான நிலையத்தில் பலகையில் 'குறித்த நேரத்தில்' என்றே இருந்தபோது, எந்த விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24-இல் நாம் ஏறவேண்டிய விமானம் இன்னும் வேறொரு ஊரிலிருந்தே கிளம்பவில்லை என்று காட்டினேன். அப்போது யாரும் நம்பவில்லை. தாமதம் என்று அறிவித்ததும் என்னையே முறைத்தார்கள், நான்தான் அந்த விமானத்தைப் பிடித்து வைத்திருந்ததுபோல.

ரசிக்கத் தெரியாதவன் என்று சொன்னதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் அந்தப் புதருக்குள்ளிருந்து விட்டுவிட்டு ஒரு விசில் சத்தம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? என்ன பறவை என்று முதலில் கேட்டது யார்? கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் ஆப், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அந்தப் பகுதிக்கான தொகுப்பை இறக்கி வைத்திருந்தால் நெட்கூட வேண்டாம். போனை நீட்டினேன், அது குரலை வாங்கியது, பெயரும் படமும் வந்தன. பிறகு அந்த வண்ணத்தையும் வாலையும் தெரிந்துகொண்டு தேடியதால்தான் கிளைக்குள் இருந்ததை எல்லோரும் கண்டுபிடித்தோம். போனைப் பார்த்ததால் பறவையைப் பார்த்தோம். அந்தப் பறவையின் படத்தைப் பெயரோடு தன் பக்கத்தில் போட்டு 'காட்டின் மொழி எனக்குப் புரியும்' ரேஞ்சுக்கு எழுதியவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. போய்ப் பாருங்கள், வாழ்த்துகள் குவிந்திருக்கின்றன.

இதில் நான் நன்றி எதிர்பார்க்கவில்லை. சரி, பொய் சொல்வானேன், கொஞ்சம் எதிர்பார்த்தேன்தான். பாராட்டுக் கூட்டம் வேண்டாம், 'எதைப் பார்க்கிறாய், நான் கொஞ்ச நேரம் பார்க்கட்டுமா, நீ போய் நில்லு' என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், நானும் அந்தப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். வரைபடம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை, அவ்வளவுதான், ஏனென்றால் செய்ய ஒரு ஆள் இருக்கிறது.

இதற்கிடையில் அடுத்த பயணத்துக்குக் குழு ஆரம்பித்தாகிவிட்டது. என்னையும் சேர்த்தாகிவிட்டது. 'பிளான் எல்லாம் நீ பார்த்துக்கோ, உனக்குத்தான் இந்த ஆப் எல்லாம் அத்துப்படி' என்று செய்தியும் வந்தாயிற்று. நீல டிக் விழுந்திருக்கும், பதில் போடவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்: போன பயணத்தின் செலவுக் கணக்கு, செலவைப் பங்கு பிரிக்கும் ஸ்ப்ளிட்வைஸ் ஆப்பில் அப்படியே இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அதுவே சுருக்கிக் காட்டும், ஆப் வெறுப்பாளர்களும் ஒரு தடவை திறந்து பார்க்கலாம். முதலில் பாக்கியைத் தீருங்கள். அப்புறம் தேதி பேசலாம்.