லோயர் கேம்ப்பில் இன்னொரு கல் வைக்க வேண்டும்

எங்கள் அப்பத்தா வீட்டு சாமி ரூமில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில் மீசைக்கார வெள்ளைக்காரர் ஒருவரின் படம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி அவருக்கும் சேர்த்துத்தான். "இது எந்த ஊரு சாமி அப்பத்தா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சாமி இல்லடா, நமக்குத் தண்ணி குடுத்த தொரை" என்றாள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கர்னல் ஜான் பென்னிகுயிக். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட பொறியாளர். யோசனை பழையது. 1789லேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்து, செலவு கட்டாது என்று கைவிட்டார். 1887ல் ஆரம்பித்த முல்லைப் பெரியாறு அணை வேலை 1895ல் முடிந்தது. கல், சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற செங்கல் தூள், இவ்வளவுதான். ஜூனில் தேக்கடி மதகைத் திறந்தால் எங்கள் பக்கம் 14,707 ஏக்கரில் முதல்போகத்துக்குத் தொழி கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். மிச்சத் தண்ணீர் வைகையோடு சேர்ந்து மதுரையைத் தாண்டியும் போகிறது.

அவருக்குக் கூடலூர் பக்கத்து லோயர் கேம்ப்பில் அரசு கட்டிய மணிமண்டபம் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 அன்று, 2013ல் திறக்கப்பட்டது. 2022ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமிழ்நாடு அரசு சிலையும் வைத்தது. நல்ல காரியங்கள். ஆனால் அரசு மண்டபம் கட்டுவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டார்கள். பாலார்பட்டியில் தை பிறந்தால் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மண் அடுப்பில் பானை பொங்கி வழியும்போது குலவை போடுகிற பெண்களுக்கு அது வெறும் சடங்கில்லை. ஒரு வருடம் தண்ணீர் தாமதமானால் நாற்றங்காலில் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். சிலைக்கு உயிர் கொடுப்பது இந்தத் தெரிதல்தான். இது இல்லாததால்தான் நம் ஊர்ச் சந்திப்புகளில் எத்தனையோ சிலைகள் வருடத்துக்கு ஒரு மாலையோடு நிற்கின்றன.

இவ்வளவு பெருமையோடு எனக்கு ஒரு குறையும் உண்டு. சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையை மேடைக்கு மேடை சொல்கிறோம். அதற்கு ஆவணச் சான்று இல்லை, அணை அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டது. அந்தக் கதை இல்லாமலும் அவர் பெரிய மனிதர்தான். காடும் காய்ச்சலுமாகக் கிடந்த இடத்தில், கட்டியதை வெள்ளம் அடித்துப்போன பிறகும் விடாமல் நின்றவர். ஆனால் ஒருவர் செய்த தியாகத்தை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அங்கே செத்துப்போன தொழிலாளிகள் நம் வாயில் வருவதே இல்லை. மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி எந்த வீட்டிலும் சாம்பிராணி போடுவதில்லை.

இதே தேனி மாவட்டத்தில்தான் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006ல் அங்கே கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருடத்துக்கும் பழையவை. ஒரு கல்லில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஓர் ஆள் பெயர்: தீயன் அந்தவன். ராஜா இல்லை. மாடுகளைக் கவரும் சண்டையில் விழுந்தவன். அவனுக்கு ஊரார் கல் நட்டு, எந்தச் சண்டை, எந்த ஊர், யார் என்று மூன்றையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய வழக்கம் நம்முடையது. அப்படியிருக்க, நேற்றுபோல 1890களில் நமக்காக மலையேறிப்போய்த் திரும்பாதவர்களுக்கு ஒரு கல் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

இதைச் சொன்னால், "தொரை பேரைக் குறைக்கப் பாக்குறியா மாப்ள?" என்று நண்பர்களே கோபப்படுகிறார்கள். குறைக்கவில்லை. சுண்ணாம்பு சுமந்தவனின் கல்லும் பக்கத்தில் நின்றால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? அணைப் பக்கம் எல்லோரும் நினைத்தவுடன் போய்விட முடியாது, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அதனால் லோயர் கேம்ப்பிலேயே, மண்டபத்து வாசலில், நம் ஊர்க் கல்லில் வைக்க வேண்டும். கிடைக்கிற பெயர்களை எல்லாம் அதில் வெட்ட வேண்டும்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் பெரியாத்து வேலைக்குப் போனவரு, திரும்பலை" என்று வீட்டில் பேச்சு கேட்டு வளர்ந்தவர்கள் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் நிச்சயம் இருப்பீர்கள். பெயரும் ஊரும் தெரிந்தால் எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.