‘ஒரு மணி நேரத்துக்கு மேல் போன் பார்த்தால் மூளை சுருங்கும்’: உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை

“ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்த்தால் மூளை நிரந்தரமாகச் சுருங்கிவிடும்: உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அந்த ஒரு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் புரிகிறது. 2019-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு அந்த வரம்பு உண்டு. மூளை சுருங்கும் என்ற பேச்சே அதில் கிடையாது. 5 முதல் 17 வயதினருக்கான வழிகாட்டுதல் 2020-இல் வந்தது. பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பதைக் குறைக்கச் சொல்கிறதே தவிர, இத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. ஓடியாடுவதற்குத்தான் கணக்கு: தினமும் சராசரியாக 60 நிமிடம். இரண்டையும் நிறுவனத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம்.

சரி, அதற்காகப் போனைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாமா? கூடாது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால், பகலில் எவ்வளவு குறைவாகப் பார்த்திருந்தாலும் சிக்கல்தான். படுக்கும் நேரத்தில் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. அப்புறம், ஆட்டத்தின் நடுவில் பிடுங்காமல், “இந்த லெவல் முடிந்ததும் வைத்துவிடு” என்று முன்பே சொல்லிப் பாருங்கள். பாதி அழுகை குறையும்.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவர் பயத்தில்தான் அனுப்பியிருப்பார். தனியாகச் சொன்னால் போதும்.