மரபணுவை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

குற்றம் செய்பவர்களுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே இருக்கிறது, மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவே சாட்சி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சேலத்துக்காரனான எனக்கு இந்தப் பேச்சு பயமாக இருக்கிறது.

அந்த மரபணுவைப் பற்றிய ஆய்வையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் டுனெடினில் பிறந்த ஆண்களைச் சிறுவயதிலிருந்து கவனித்து 2002-இல் வெளியானது. அந்த மரபணு மந்தமாக இருந்து, கூடவே சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்களிடம்தான் வன்முறை கூடுதலாகத் தெரிந்தது. இந்தப் பாதியை விட்டுவிட்டு எழுதலாமா?

மண்டையோட்டை அளந்து, பிறவிக் குற்றவாளி உண்டு என்று 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதினார். இங்கே அதற்கு முன்பே, 1871-இல், சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மாடுகள்மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்ற குறவர்களின் பிழைப்பை ரயிலும் உப்புச் சட்டமும் பறித்தன. அப்புறம் அவர்களையே ரேகை வைக்கச் சொல்லி, போலீஸில் ஆஜராகச் சொன்னார்கள். வயிறு காய்ந்ததைப் பார்க்காமல் ரத்தத்தில் காரணம் தேடினார்கள். சேலம் உப்புக் குறவர் என்ற பெயர், அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கிறது.

சட்டம் போய்விட்டது, சரி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வெள்ளி எடை குறைந்தால் முதலில் யார் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள்? அப்பா சிறையில் இருக்கும் பையனுடையதை. பையில் சாப்பாட்டு டப்பாவைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் அடுத்த பட்டறையில் அவனுக்கு வேலை கிடைக்காது. மனம் புழுங்கி அவன் ஒருநாள் கை ஓங்கினால், அதையும் மரபணுக் கணக்கில்தான் எழுதுவீர்களா?