டேவிட்டுக்கு ஏன் அம்மா இல்லை?

ஒரு நாவல் வெளியானதும் எழுத்தாளரிடம் முதலில் கேட்கப்படுவது, ‘இது உங்க சொந்தக் கதையா?’ என்பதுதான். எது ஒத்துப்போகிறது என்று தேடுகிறோம். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் கதாநாயகன் உயிர் பெறுவதே அந்த மாற்றத்தில்தான். சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலை அப்படி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

1824 பிப்ரவரியில், 12 வயது நிரம்பிய கையோடு, லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருந்த வாரன் ஷூ பாலிஷ் பட்டறைக்கு டிக்கன்ஸை வேலைக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு 6 ஷில்லிங் கூலி. பாலிஷ் ஜாடியின் வாயை எண்ணெய்த்தாளால் மூடி, அதன்மேல் நீலத்தாள் சுற்றி, நூலால் கட்டி, விளிம்பை ஒட்ட நறுக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. அதே மாதம் அப்பா ஜான் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். அவர் விடுதலையாகி வந்த பிறகும் பையன் பட்டறையில்தான் இருந்தான். கடைசியில் அப்பாவே வேலையை நிறுத்தியபோது, அம்மா அவனைத் திரும்ப அனுப்பத்தான் முயன்றார். டிக்கன்ஸால் அதை ஒருநாளும் மறக்க முடியவில்லை. தனிக்குறிப்பாக எழுதி நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் காட்டினார். 1870இல் அவர் இறந்த பிறகு, ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வாசகர்களுக்கு இது தெரியவந்தது.

1849இல் மாதத் தொடராக நாவல் தொடங்கியது. 11ஆம் அத்தியாயத்தில் அந்தக் குறிப்பின் வரிகள் ஏறக்குறைய அப்படியே வருகின்றன. பாலிஷ் பட்டறை மதுக் கிடங்காகிவிட்டது, ஜாடி புட்டியாகிவிட்டது, 12 வயது 10 ஆகிவிட்டது. இதெல்லாம் மேல்பூச்சு, யாரும் செய்வார்கள்.

பெரிய மாற்றம் உறவுகளில் நடக்கிறது. டேவிட்டின் அப்பா அவன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். பாசமே உருவான அம்மா, அவன் கிடங்குக்குப் போகும் முன்பே இறந்துவிடுகிறார். அவனை அனுப்புவது மர்ட்ஸ்டோன் என்ற மாற்றாந்தந்தை. பெற்ற தாய்மேல் இருந்த கோபத்தை டிக்கன்ஸால் நேராக எழுத முடியவில்லை என்றே நினைக்கிறேன். அதனால் தாயை விலக்கிவிட்டுக் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அப்பாவின் கடன், சிறை, அடுக்குமொழிப் பேச்சு, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லாம் டேவிட் குடியிருக்கும் வீட்டுக்காரர் மிகாபருக்குப் போயின. மகனால் மன்னிக்க முடியாத ஒருவரைக் குடியிருக்கும் பையனால் நேசிக்க முடிகிறது. நாமும் நேசிக்கிறோம். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு இது!

இன்னொன்று, டேவிட் தப்பித்து ஓடுகிறான். லண்டனிலிருந்து டோவர் வரை நடந்துபோய் அப்பாவின் அத்தையிடம் சேர்கிறான். சிறுவன் டிக்கன்ஸுக்கு அப்படி ஓடிப்போய் நிற்க ஒரு வீட்டு வாசல் இருக்கவில்லை.

குறையும் உண்டு. வளர்ந்து எழுத்தாளனாகும் டேவிட் எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறான். சிறுவனுக்கும் டிக்கன்ஸுக்கும் நடுவே 25 ஆண்டு இடைவெளி இருந்தது, பெரியவனுக்கு அந்த இடைவெளி இல்லை. தன் வாழ்க்கையிலிருந்து எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். நாயகன் எப்போதும் அநியாயத்துக்கு ஆளானவனாகவே இருப்பான், சுற்றியிருப்பவர்கள் அவனைக் காயப்படுத்த மட்டுமே வருவார்கள். கைப்பிரதியைத் திருத்தும்போது ஒன்று செய்யலாம். நாயகன் தானே செய்த, வேறு யார் தலையிலும் கட்ட முடியாத ஒரு தவறு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதியவர் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

டிக்கன்ஸே அதைப் பிறகு செய்தார். 1860இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைத் தொடங்கும்போது, பழையது திரும்ப வந்துவிடக் கூடாதென்று ‘காப்பர்ஃபீல்ட்’டை மறுபடி படித்தார். இதிலும் அதே சிறுவயது அவமானம்தான், ஆனால் இம்முறை பழி நாயகன் பிப் மேலேயே விழுகிறது. அவனை வளர்த்த அக்கா கணவர் ஜோ, கொல்லர், லண்டனுக்கு அவனைப் பார்க்க வருகிறார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்படுப்பு மாடத்தின் ஓரத்தில் வைத்த தொப்பி திரும்பத் திரும்பக் கீழே விழுகிறது. பிப் கூசிப்போகிறான். பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று அவனே சொல்கிறான்.