மீன் எடுத்த படம்

பிகினி என்று தேடிப் பாருங்கள், நீச்சலுடைதான் வந்து நிற்கும். அது ஒரு ஊரின் பெயர். பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளில் உள்ள பவளத்தீவு. 1946 ஜூலை 1-ல் அமெரிக்கா அங்கே அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. நாலே நாளில் பாரிஸில் ஒருவர் தன் புது நீச்சலுடைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

அதற்கு முன், அதே ஆண்டு பிப்ரவரியில் ஞாயிறு ஜெபம் முடிந்து வந்த மக்களிடம் கடற்படை அதிகாரி பென் வயட் கேட்டார்: மனிதகுல நன்மைக்காகக் கொஞ்ச காலம் தீவை விட்டுத் தருவீர்களா? மொத்தம் 167 பேர். எல்லாம் கடவுள் கையில் என்று சொல்லித் தலைவர் ஜூடா ஒத்துக்கொண்டார். இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜப்பானையே வீழ்த்திய படை வந்து கேட்கும்போது வேறென்ன சொல்வார்கள்?

குண்டு கப்பல்களை என்ன செய்யும் என்று பார்க்க, பவளத்தீவு வளைத்திருக்கும் காயலில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கப்பல்களை நிறுத்தி வைத்தார்கள். முதல் குண்டை விமானத்திலிருந்து போட்டார்கள். ஜூலை 25-ல் இரண்டாவது, தண்ணீருக்குள் 27 மீட்டர் ஆழத்தில். வானத்தில் வெடித்தால் நஞ்சில் பெரும்பகுதி மேலே போய்விடும். இங்கே கடலே அதைப் பிடித்துக்கொண்டு, கப்பல்கள் மேல் திரும்பக் கொட்டியது.

அப்புறம் மாலுமிகளை அனுப்பிக் கழுவச் சொன்னார்கள். குழாயால் பீய்ச்சினார்கள், சோப்பு போட்டுத் தேய்த்தார்கள். கதிரியக்கம் போகவில்லை. பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன் எவ்வளவோ எச்சரித்தும் மேலிடம் நம்பவில்லை. கடைசியில் ஆகஸ்ட் 10 அன்று, சோதனைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் பிளாண்டி முன்னால் வாரன் ஒரு படத்தை வைத்தார். காயலில் பிடித்த மீனின் படம். எக்ஸ்ரே கருவி கிடையாது, கேமராவும் கிடையாது. மீனைப் படச்சுருள் மேல் வைத்ததும், அதன் உடம்பிலிருந்து வந்த கதிரே அதன் உருவத்தைப் பதித்துவிட்டது. அன்றே வேலை நின்றது. மூன்றாவது குண்டையும் கைவிட்டார்கள்.

ஆக, 1946-லேயே தெரிந்துவிட்டது, இது கழுவினால் போகாது என்று. தெரியாமல் நடந்தது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. 1958 வரை மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67 குண்டுகள். 1954 மார்ச் 1-ல் வெடித்தது எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரியது, 15 மெகாடன். பக்கத்து ரோங்கெலாப் தீவில் பவளத்தூள் வெள்ளையாகக் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அவர்களை அழைத்துப்போக இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் வந்தது.

பிகினி மக்களை முதலில் ரோங்கெரிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டினி. 1948-ல் கிலித் தீவுக்கு. காயலில் படகு விட்டு மீன் பிடித்தே வளர்ந்த ஜனங்கள் அவர்கள். கிலியில் காயலே கிடையாது.