எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்?

மூத்த பிள்ளைகளின் சிடுசிடுப்புக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்தான் காரணம் என்று ஒரு ரீல் சுற்றுகிறதே, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். "விடு, லைக்குக்காகப் போடுறாங்க" என்று வீட்டுக்காரரும் சொன்னார். ஆனால் நேற்று ராத்திரிக்குள் என் கமெண்டுக்குக் கீழே நூற்றுச் சொச்சம் பதில். பாதி "டாக்டரைவிட உனக்கு அதிகம் தெரியுமா" ரகம். ஒருவர் என் புரொஃபைலுக்குள் போய் நான் லேப் டெக்னீஷியன் என்று கண்டுபிடித்து, "ஊசி குத்துறவங்க எல்லாம் சயின்ஸ் பேச வந்துட்டாங்க" என்று போட்டிருக்கிறார். அதற்கு 62 சிரிப்பு. சரிங்க. ஊசி குத்துகிறவள்தான். 19 வருஷமாகக் குத்துகிறேன். அதனால்தான் கேட்டேன்.

கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை பேரிடம் எடுத்தார்கள்? எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்?

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. "மூத்த பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கார்ட்டிசால் அதிகம், அதனால்தான் சிடுசிடுப்பு, எல்லாரையும் அதிகாரம் பண்ணும் குணம், ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று ஒருவர் வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு 40 விநாடியில் சொல்கிறார். எந்த ஆராய்ச்சி, எந்த வருஷம், எந்த ஊர், ஒன்றும் கிடையாது. பின்னால் வயலின் ஓடுகிறது. அது போதும் போல.

கார்ட்டிசால் என்பது ரத்த குரூப் மாதிரி ஒரு தடவை எடுத்து அட்டையில் எழுதி வைத்துக்கொள்கிற விஷயம் இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. காலையில் ஏறும், சாயங்காலம் இறங்கும், நடுராத்திரி தரையைத் தொடும். கண் விழித்த முதல் அரை மணி, முக்கால் மணிக்குள் மட்டும் தனியாக ஒரு துள்ளு துள்ளும். காலை எட்டு மணிக்கு 5-லிருந்து 25 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நார்மல் என்றே ரிப்போர்ட்டில் அடித்துக் கொடுக்கிறோம். யோசித்துப் பாருங்கள், ஐந்து மடங்கு வித்தியாசம், இரண்டு பேருமே நார்மல்! அதனால்தான் டாக்டர்கள் சீட்டில் "8 ஏ.எம்." என்று வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். பஸ் கிடைக்காமல் பதினோரு மணிக்கு மூச்சு வாங்க ஓடி வரும் ஆளை "நாளைக்கு வாங்கண்ணே" என்று திருப்பி அனுப்பி, அவர் திட்டுவதை வாங்கிக்கொள்வது நாங்கள்.

இன்னும் இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குத் தாளமே வேறு. கர்ப்பிணிக்கு ஏறும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ஏறும். முடி வளர என்று விழுங்கும் பயோட்டின் சில மெஷின்களில் எண்ணையே தப்பாகக் காட்டும். ஊசியைப் பார்த்துப் பயந்தாலும் ஏறும். ஒரு பெரியவருக்கு எட்டு மணி சாம்பிளில் ஒன்றுகூடத் தொடவில்லை. நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். "எந்த மாத்திரையும் சாப்பிடலைம்மா" என்று சத்தியம் பண்ணினார். கடைசியில் மஞ்சப்பையிலிருந்து மூட்டுவலிக்கு என்று யாரோ கொடுத்த பொடி வெளியே வந்தது. பேரில்லாத பொட்டலம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்பதுதான் டாக்டரின் சந்தேகம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். அந்தப் பெரியவர் வீட்டுக்கு மூத்த பிள்ளை. ரீல் கணக்குப்படி அவருக்கு எகிறியிருக்க வேண்டும்.

"இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். தெரியும். நல்லவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒரு நாளைக்குப் பல தடவை எச்சில் எடுத்து அதில் கார்ட்டிசாலை அளக்கிறார்கள், கண் விழித்த நேரத்தைக் குறிக்கிறார்கள். பதற்றத்தில் கார்ட்டிசால் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதற்கென்றே 1993-ல் ஜெர்மனியின் ட்ரியர் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரிசோதனை முறை வகுத்தார்கள். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. கார்ட்டிசால் ஏறாமல் என்ன செய்யும்? என் மாமியார் முன்னால் பால் கணக்கு சொல்லும்போது எனக்கு ஏறுவதை எந்த ட்ரியரும் அளந்ததில்லை.

ஆனால் இத்தனை அளவு எடுத்தால் ஒரு வசதியும் கூடவே வந்துவிடுகிறது. காலை அளவில் மூத்ததுக்கும் இளையதுக்கும் வித்தியாசம் இல்லையா, சாயங்காலத்தைப் பார். அதிலும் இல்லையா, ஏற்றத்தைப் பார், இறக்கத்தைப் பார். பையன்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார். இருபது பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒன்று தற்செயலாகவே "நிரூபணம்" ஆகிவிடும். 2011-ல் அமெரிக்காவில் மூன்று பேர் இதைக் கிண்டலாகவே செய்து காட்டினார்கள். இருபது மாணவர்களை வைத்துக்கொண்டு, அப்பாவின் வயது அது இது என்று கணக்கில் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களுக்கு வயது ஒன்றரை வருஷம் குறைந்துவிட்டது என்று "நிரூபித்தார்கள்". எல்லாம் அன்றைக்கு வழக்கத்தில் இருந்த முறைப்படியே. இனி யாராவது "ஆய்வு சொல்கிறது" என்றால் எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும். எத்தனை பேர்? எத்தனை மணிக்கு?

சரி, அப்போ பிறப்பு வரிசை என்பதே பொய்யா என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். அவருக்காக இது. முழுப் பொய் இல்லை. 2007-ல் நார்வேயில் ராணுவத்துக்குப் பெயர் கொடுத்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பார்த்தார்கள். மூத்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக இரண்டு சொச்சம் கூட. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அண்ணனோ அக்காவோ சின்ன வயதில் இறந்துபோய், அதனால் வீட்டில் மூத்தவனாக வளர்ந்த இரண்டாவது பிள்ளைக்கும் மூத்தவனின் மதிப்பெண்தான் இருந்தது. அதாவது கர்ப்பத்தில் எத்தனையாவது என்பதல்ல, வீட்டில் எந்த இடம் என்பதுதான். "பிறவியிலேயே" என்று ரீலில் அழுத்திச் சொன்னாரே, அதற்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

குணம் என்று வந்தால் அந்த அளவுகூடக் கிடையாது. 2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் சேர்த்து இருபதாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கலகலப்பு, பொறுப்பு, பதற்றம், ஒத்துப்போகும் குணம், எதிலும் மூத்தது இளையது வித்தியாசம் இல்லை. அறிவுத்திறனில் மட்டும் பிறப்பு வரிசையில் ஒரு படி இறங்கினால் ஒன்றரை மதிப்பெண் குறைவு. அதுவும் பத்து வீட்டில் நாலு வீட்டில் இளையதே முந்தி நிற்கும். அதே வருஷம் அமெரிக்காவில் 3,77,000 பள்ளி மாணவர்களை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு; குணத்துக்கும் பிறப்பு வரிசைக்கும் உள்ள தொடர்பு 0.02. ஒன்று என்றால் முழு ஒட்டு, சைபர் என்றால் சம்பந்தமே இல்லை. அப்படியென்றால் 0.02 என்ன? எங்கள் லேபில் அதை மெஷினின் இருமல் என்போம்.

அதற்கு முன்னால் 1983-லேயே சுவிட்சர்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் பழைய ஆய்வுகளை எல்லாம் கொட்டிப் பார்த்து, பெரும்பாலானவை குடும்பத்தின் அளவைக் கணக்கில் எடுக்காததால் வந்த தோற்றம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது பிள்ளை ஐந்து பிள்ளை பெற்ற வீட்டிலிருந்துதான் வர முடியும். ஒற்றைப் பிள்ளை வீட்டிலும் மூத்தது உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது பிள்ளைகளை இல்லை, வீடுகளை. வருமானத்தை, இடத்தை, அரிசியை.

நம் ஊரிலும் இதற்கு ரீல் உண்டு, பழமொழி என்று பேர். "மூத்தது மோழை, இளையது காளை." இங்கிலாந்தில் 1874-ல் கால்ட்டன் என்ற துரை, விஞ்ஞானிகளில் மூத்த மகன்கள் அதிகம் என்று எழுதினார். மூத்ததுதான் மோழை என்று நம் ஆட்கள். இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை, அதுதான் அழகு.

"குரங்குல நிரூபிச்சிருக்காங்க" என்று ஒருவர். பபூன் குரங்குக் கூட்டத்தில் கீழே இருப்பதற்குப் பொதுவாகக் கார்ட்டிசால் அதிகம், ஆனால் தலைமை ஆட்டம் காணும்போது மேலே இருப்பதற்கும் ஏறும். கென்யாவின் ஆம்போசெலி காட்டுக் குரங்குகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வில் முதலிடத்து ஆண் குரங்குக்கு இரண்டாமிடத்தைவிட அதிகம். குரங்குக்கே இத்தனை "ஆனால்" இருக்கிறது, ஐயா.

"எங்க வீட்டுல அப்படியே சரியா இருக்கு" என்பவர்களுக்கு: மூத்தது எப்போதும் வயதில் பெரியது. பதினாலு வயதுப் பிள்ளை ஒன்பது வயதுப் பிள்ளையைவிடப் பொறுப்பாக இருக்கிறது என்றால் அது கண்டுபிடிப்பா?

பிறந்த குழந்தை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வலி எடுத்துப் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில், வலி வரும் முன்னே ஆபரேஷன் பண்ணி எடுத்த குழந்தையைவிடக் கார்ட்டிசால் அதிகம். தலைச்சன் பிரசவத்தில் வலி பொதுவாக நீளும். ஆக தலைச்சனுக்கு அன்றைக்கு ஏறி இருக்கலாம். அன்றைக்கு! நாற்பத்தி மூன்று வயதில் நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்பதற்கு அந்த ஒரு நாள் எப்படிக் காரணம் ஆகும்?

ஆமாம், நான் மூத்தவள். இதைக் கமெண்டில் சொல்லவில்லை. சொன்னால் "பாத்தீங்களா, அதான் கோபம்" என்பார்கள் என்று தெரியும். சொல்லாமலே சொன்னார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு தங்கை, அதற்குப் பின்னால் தம்பி. தம்பி பிறந்தபோது எனக்குப் பதினொன்று. இடுப்பில் வைத்தே இடது பக்கம் சாய்ந்து நடக்கப் பழகியவள். ஒரு முட்டையை ஆம்லெட் போட்டு அம்மா கரண்டி நுனியால் கோடு கிழிப்பாள். கோடு எப்போதும் நடுவில் விழாது. பெரிய துண்டு தம்பிக்கு, "வளர்ற பிள்ளை". நானும் வளர்கிற பிள்ளைதான் அப்போது. இந்தியக் குழந்தைகள் ஏன் குள்ளம் என்று 2017-ல் ஜெயச்சந்திரன், பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு வைத்துப் பார்த்தால் நம் தலைப்பிள்ளைகளுக்குக் குறை இல்லை, இரண்டாவதிலிருந்துதான் உயரம் இறங்கத் தொடங்குகிறது. காரணம் மூத்த மகன் மேல் இருக்கும் ஆசை என்கிறார்கள். அவர்கள் தேடியது சுரப்பியில் இல்லை. யாருக்கு என்ன கிடைத்தது என்பதில். பிறப்பு வரிசையைப் பற்றிப் பேச வேண்டுமா, அந்த ஆம்லெட் கோட்டைப் பற்றிப் பேசுங்கள், நானும் வருகிறேன்.

பன்னிரண்டாவதில் 1,041 எடுத்தேன். இரண்டு வருஷ டிப்ளமோ போதும், சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்றார்கள். தம்பி இன்ஜினியரிங். குறை சொல்லவில்லை, நான் சம்மதித்துத்தான் கட்டினேன் அவன் மூன்றாம் வருஷ ஃபீஸை. இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

அந்த ரீல் எனக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9.40-க்குக் குடும்ப குரூப்பில் எழுதினேன்: அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் 18-ஆம் தேதி, முதல் பத்து நாள் கூட யாராவது இருக்கணும், எனக்கு நாலு நாள்தான் லீவு கொடுப்பாங்க, மீதி யார் பார்க்கிறீங்க? 9.52-க்குத் தம்பியிடமிருந்து இந்த ரீல். கீழே, "அக்கா இதான் உன் பிராப்ளம், கார்ட்டிசால் செக் பண்ணு" என்று. அவன் பொண்டாட்டி ஒரு சிரிப்பு. தங்கை ஒரு கட்டைவிரல்.

தமாஷுக்குத்தான் போட்டான். தெரியும். தங்கமான பையன்தான். ஆனால் ஒரு கேள்வியைப் பதில் சொல்லாமல் மூடி வைக்க இதைவிட நல்ல மூடி கிடைக்குமா? அக்கா கத்துவது அக்காவுக்குப் பாரம் அதிகம் என்பதால் இல்லை, ஹார்மோன். அதுவும் பிறவியிலேயே. யார்மேலும் தப்பில்லை, யாரும் லீவு போட வேண்டாம். அப்படிப் பார்த்தால் அந்த வெள்ளைக் கோட்டுக்காரருக்கு என் வீட்டில் நல்ல வியாபாரம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் ரத்தத்தை நானே எடுக்கச் சொல்லி, கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கையை நீட்டினேன். "எதுக்குக்கா?" என்றாள். சும்மா என்றேன். 13.6. நார்மல். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன், நேரத்தோடு.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்துவிட்டது. 18-ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.